நகரும் கூரையைப் பற்றி மதினிக்கு

என் பாசத்துக்குரிய மதினி, ஜெயசீலி டீச்சருக்கு,

உங்கள் நாத்தனார் ராணி எழுதுகிறேன். நீங்கள் இருந்த காலத்தில் உங்களுக்கு ஒரு கடுதாசி எழுதியதில்லை. ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் நின்றுகொண்டு யார் யாருக்கு எழுதுவது? இன்றைக்கு எழுதித்தான் ஆக வேண்டும். சொல்ல வேண்டிய ஆட்களிடம் வாய் திறக்கப் பயமாக இருக்கிறது. அதனால் முதலில் உங்களிடம்.

இப்போது மணி இரண்டு. நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். நீங்கள் போட்ட நகரும் கூரையை அறுத்து எடுத்துவிடலாமா என்று அதில் முடிவு செய்யப் போகிறார்கள். அதே கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். சிரிக்காதீர்கள் மதினி. நிஜமாகத்தான் சொல்கிறேன். முந்நூறு பேர் உயிரைக் காப்பாற்றியவளாம் நான். உங்கள் கூரை கொல்லப் பார்த்ததாம், நான் காப்பாற்றினேனாம். ஊரெல்லாம் இதுதான் பேச்சு.

உண்மை அப்படியில்லை. அதை நாலு மணிக்குச் சொல்வேனா, வாயை மூடிக்கொண்டு பொன்னாடையை வாங்கிக்கொண்டு வருவேனா என்று எனக்கே தெரியவில்லை. எழுத்து கோணலாகத்தான் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குத் தெரியாத கதையா? இருந்தாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும்.

ஒரு சாயங்காலம் நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். நீங்கள் செல்போனைக் கொண்டுவந்து மூஞ்சிக்கு நேரே நீட்டினீர்கள். ஏதோ வெளிநாட்டு மைதானம். டென்னிஸ் நடக்கிறது, தூறல் விழுகிறது, ஆட்டத்தை நிறுத்துகிறார்கள். மேலே இரண்டு பக்கமிருந்தும் வெள்ளைக் கூரை ஊர்ந்து வந்து நடுவில் சேர்ந்துகொள்கிறது. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் ஆட்டம்.

"இதெல்லாம் அவுக செய்வாக மதினி. நம்ம ஊர்ல கூரைன்னா மூடத்தான். அது எதுக்குத் தொறக்கணும்?" என்றேன்.

"ஏட்டி, நீயே சொல்லு. வெயில்ல கபடி மேட் கொதிக்குது, பிள்ளைக காலு பொத்துப்போகுது. மழைல நனைஞ்சா வழுக்கி விழுந்து முட்டிய ஒடைச்சுக்கிடுதுக. சும்மா தகரத்தைப் போட்டு மூடிட்டா மத்தியானம் உள்ள வெந்து போகும். அப்ப நகர்ற கூரைதான வேணும்? இதுல என்ன கிறுக்குத்தனம் இருக்கு?"

நான் கிறுக்குத்தனம் என்று சொல்லவேயில்லை. மனசில் நினைத்தேன், நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். பி.டி. டீச்சருக்கு எல்லார் மூஞ்சியும் ஸ்கோர் போர்டு மாதிரிதான் போல.

பிறகு சாத்தூர் பட்டறை செல்வராஜ் அண்ணாச்சியைப் பிடித்தீர்கள். கம்பெனிகளுக்குத் தள்ளு கேட் செய்து கொடுக்கிறவர். அவர் போனை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "கேட்டு தரையில ஓடுது. இது தலைக்கு மேல ஓடப்போகுது. அம்புட்டுத்தான டீச்சர்?" என்றார். அப்படித்தான் எம். புதுப்பட்டியில் ஒரு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக் கபடி மைதானத்துக்கு நகரும் கூரை வந்தது. இரண்டு பாதி. இரண்டு பக்கமும் தூண்களுக்கு மேலே தண்டவாளம், அதில் இரும்புச் சக்கரங்கள். கேட்டுக்குப் பக்கத்தில் சங்கிலியும் சுற்றுகிற சக்கரமும். சுற்றினால் இரண்டு பாதியும் நகர்ந்து வந்து நடுவில் முட்டிக்கொள்ளும். எதிர்ப்பக்கம் சுற்றினால் விலகும். ஒரு பாதி கேட்டுக்கு வெளியே நடைபாதைக்கு மேலே போய் நிற்கும், இன்னொரு பாதி டீச்சர்மார் வண்டி நிறுத்துகிற இடத்துக்கு மேலே.

முதல் நாள் அது நகர்ந்தபோது பிள்ளைகள் போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. விருதுநகரிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். என்னைக் கம்பெனி வேலையை விடச் சொல்லி, மைதானத்தைப் பார்த்துக்கொள்கிற வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததும் நீங்கள்தான். பத்தொன்பது வருஷம் பட்டாசு ஷெட்டில் உட்கார்ந்தவளுக்கு மரத்தடியில் நின்று கூரை சுற்றுகிற வேலை. எனக்கு அது வேலையாகவே தெரியவில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் உங்களுக்குப் பேச்சுக் குறைந்துபோன அந்தக் கடைசி வாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு விஷயம் சொன்னீர்கள். "ஷைனிய பாத்துக்கோ. தண்டவாளத்துல தூசி சேர விடாத." மகளையும் கூரையையும் ஒரே மூச்சில் ஒப்படைத்தீர்கள். நானும் சரி சரியென்று தலையாட்டினேன்.

மதினி, நான் தூசி சேர விடவில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

பட்டாசுக் கம்பெனியில் தூசியை எப்படி எடுப்போம்? காய்ந்த துடைப்பத்தால் கூட்டினால் சூப்பர்வைசர் அப்போதே வெளியே தள்ளிவிடுவார். மருந்துத் தூசியில் உரசல் ஆகாது. தண்ணீர் ஊற்றித்தான் எடுக்க வேண்டும். தரையைக் கழுவு, பலகையைக் கழுவு, கையைக் கழுவு. எண்ணெய்ப் பிசுக்கு எங்கேயும் இருக்கக் கூடாது. இரும்புச் சாமானால் எதையும் சுரண்டக் கூடாது. பத்தொன்பது வருஷம் இதுவே பழக்கம். தூசி என்ற சொல்லைக் கேட்டாலே என் கை வாளியைத் தேடும்.

உங்கள் காரியமெல்லாம் முடிந்து மறுவாரம் ஏணி வைத்து மேலே ஏறிப் பார்த்தேன். தண்டவாளம் முழுக்கக் கறுப்பாகப் பிசுக்கு. அதில் மண்ணும் சருகும் ஒட்டிக்கொண்டு பார்க்கவே சகிக்கவில்லை. ஐயோ, மதினி சொல்லிவிட்டுப் போனது இதைத்தானே என்று நினைத்தேன். என்னோடு ஷெட்டில் இருந்த காளியம்மாவையும் இன்னும் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டேன். "டீச்சருக்காக இது கூடச் செய்ய மாட்டமா?" என்று அவர்கள் ஓடி வந்தார்கள். சோப்புத்தூள் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, அந்தப் பிசுக்கு முழுவதையும் எடுத்தோம். குழாய் வைத்துப் பீச்சியடித்துக் கழுவினோம். தண்டவாளம் எவர்சில்வர் பாத்திரம் மாதிரி பளிச்சென்று வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. உங்களுக்கு ஏதோ செய்துவிட்டோம் என்கிற அழுகை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும். இரண்டு வருஷம். ஒரு வாரம் தப்பவில்லை.

நடுவில் ஒரு நாள் ஷைனி சொன்னாள், "அத்தை, கூரை நகரும்போது கீச்சு கீச்சுன்னு சத்தம் வருது." நான் மேலே ஏறி இன்னும் நன்றாகத் தண்ணீர் விட்டேன். சத்தம் நின்றுவிட்டது. பார்த்தாயா என்று அவளிடம் பெருமை பேசினேன். ஈரம் இருக்கிற வரைக்கும் சத்தம் வராது என்பது எனக்கு எங்கே தெரியும்? கபடி மேட் ஓரத்தில் சிவப்புச் சொட்டு விழுந்திருந்தது. செம்மண் என்று நினைத்துத் துடைத்தேன். துரு மதினி. அது துரு.

பத்து நாளைக்கு முன்னால் போட்டி நடந்தது. கோடை விடுமுறைப் போட்டி, கடைசி ஆட்டம். நம் பிள்ளைகளும் விருதுநகர் அணியும். ஷைனிதான் கேப்டன். உங்களை மாதிரியே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள், உங்களை மாதிரியே நடுவரிடம் சண்டைக்குப் போகிறாள். என் அண்ணன் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தார், இன்னும் ஊர் திரும்பவில்லை. ஆனால் ஊரே வந்திருந்தது. அன்றைக்குக் கம்பெனியெல்லாம் லீவு. பெண்டு பிள்ளைகளோடு முந்நூறு பேர் இருக்கும்.

மூன்று மணிக்குத் திருவில்லிபுத்தூர்ப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. காற்று சூடாக, மண்ணை வாரிக்கொண்டு அடித்தது. நான் கேட்டுப் பக்கம் ஓடிப்போய்ச் சங்கிலிச் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினேன். எதிர்ப்பாதி நன்றாக வந்து நடுவில் நின்றது. கேட்டுப் பக்கத்துப் பாதி கொஞ்ச தூரம் வந்து நின்றுவிட்டது. பாதி மைதானத்துக்கு மேலே, பாதி வெளியே நடைபாதைக்கு மேலே.

காளியம்மாவைக் கூப்பிட்டேன். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். நாலு பேரும் சேர்ந்து இழுத்தோம். அசையவில்லை. அடியில் காற்று புகுந்து தகரம் படபடவென்று அடிக்கிறது. "விடாத இழு, விடாத இழு" என்று நான்தான் கத்தினேன். நான் கத்தாமல் இருந்திருக்கலாம்.

சங்கிலி அறுந்தது. டமார் என்று ஒரு சத்தம். நம் ஊரில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். என்ன ஏது என்று கேட்க மாட்டார்கள். எழுந்து ஓடுவார்கள். அதற்குத்தான் எங்களைப் பழக்கியிருக்கிறார்கள். சத்தம் கேட்டால் வெளியே போ, வெட்டவெளிக்குப் போ, பிறகு மற்றதைப் பேசு. முந்நூறு பேரும் ஒரே நொடியில் எழுந்து பெரிய கேட்டை நோக்கி ஓடி வந்தார்கள்.

நான் மேலே பார்த்தேன். வெளிப்பக்கத்துச் சக்கரம் தண்டவாளத்தை விட்டு இறங்கிவிட்டது. கூரையின் வெளி ஓரம் நடைபாதைப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. மெதுவாக. கேட்டைத் தாண்டி யார் கால் வைத்தாலும் அது அவர்கள் தலைமேல்தான்.

"அந்தப் பக்கம் போங்க! பள்ளிக்கூடத்துப் பக்கம் போங்க!" என்று கத்தினேன். காற்றில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கேட்டைச் சாத்திவிட்டேன் மதினி.

இரண்டு கதவையும் இழுத்து, தாழ்ப்பாளைப் போட்டு, முதுகைக் கொடுத்து நின்றேன். ஆட்கள் உள்ளே இருக்கும்போது கதவைச் சாத்துவது. நம் ஊரில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. ஷெட்டில் கதவுக்கு முன்னால் ஒரு வாளி இருந்தாலே கெட்ட வார்த்தை விழும். கதவு சாத்திக் கிடந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த மக்கள் ஓடி வருகிறார்கள், நான் கதவைச் சாத்திக்கொண்டு நிற்கிறேன்.

"ஏ பாவி, கதவைத் தொறடீ!"

"பிள்ளைக உள்ள கெடக்குடீ! தொற!"

காளியம்மா என் முடியைப் பிடித்து இழுத்தாள். யாரோ கன்னத்தில் அறைந்தார்கள். ஒருத்தி நகத்தால் கையைக் கீறினாள். கூட்டம் நெஞ்சை அழுத்துகிறது, மூச்சு முட்டுகிறது. கூட்டத்துக்குப் பின்னால் ஷைனி நின்றுகொண்டு, "அத்தை, தொறங்க அத்தை! செத்துருவாக அத்தை!" என்று அலறினாள். அந்தக் குரல்தான் என்னை அசைத்தது. தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், இன்னும் ஒரு தடவை அவள் கூப்பிட்டிருந்தால் திறந்திருப்பேன்.

அதற்குள் கூரை வெளியே விழுந்துவிட்டது. கேட் என் முதுகில் அதிர்ந்தது. அடியில் இருந்த சந்து வழியாகப் புழுதி பொங்கிக்கொண்டு உள்ளே வந்தது. கீழே கிடந்த ஒரு குழந்தை மட்டும் அழுதது.

வெளியே ஒரு சர்பத் வண்டி நசுங்கிக் கிடந்தது. வண்டிக்காரர் மழைக்குப் பயந்து எதிர்க்கடைக்குள் ஒதுங்கியிருந்தார். வேறு ஒன்றும் இல்லை. ஒருத்தருக்குக் கை பிசகியது, இரண்டு மூன்று பேருக்குச் சிராய்ப்பு. கடவுள் காப்பாற்றினார். என்னை அடித்த அதே காளியம்மா என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அன்றிலிருந்து என்னால் தெருவில் நடக்க முடியவில்லை. டீக்கடையில் எழுந்து நிற்கிறார்கள். "ராணியக்கா இல்லைன்னா இன்னிக்கு ஊரே இழவு வீடுதான்" என்கிறார்கள். கூடவே இன்னொன்றும் சொல்கிறார்கள். "அந்த டீச்சர் போன்ல எதையோ பாத்துட்டு வந்து கட்டுன கூரை. வெளிநாட்டுக்காரன் செஞ்சா நாமளும் செய்யணுமா?" இரண்டையும் ஒரே வாயால் சொல்கிறார்கள். நான் இரண்டையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

மறுநாள் செல்வராஜ் அண்ணாச்சி சாத்தூரிலிருந்து வந்தார். ஏணியில் ஏறி, தண்டவாளத்தில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். சக்கரத்தின் அச்சைக் கழற்றினார். துரு பொடிப்பொடியாகக் கொட்டியது. கீழே இறங்கி வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தாயி, இதுல ஒரு பொட்டு கிரீஸ் இல்லையே. நான் போட்டதெல்லாம் எங்க போச்சு?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தக் கறுப்புப் பிசுக்கு அழுக்கு இல்லை. அதில்தான் கூரையே ஓடிக்கொண்டிருந்தது.

"மழைத் தண்ணி போயிருக்கும் அண்ணாச்சி" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். திறந்தவெளிக் கூரை மழைக்குத் தாங்கவில்லை என்றுதான் பள்ளிக்கூடத்தை நடத்துகிற தலைமைச் சிஸ்டரிடமும் சொல்லிவிட்டுப் போனார். அவர் வேலையின் மேலும் பழி, உங்கள் யோசனையின் மேலும் பழி. என்மேல் பொன்னாடை.

ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பீர்கள். வேலை போய்விடும் என்கிற பயம் உண்டு. திரும்பவும் ஷெட்டுக்குள் போய் உட்கார எனக்கு உடம்பும் இல்லை, தைரியமும் இல்லை. ஆனால் அது மட்டும் இல்லை மதினி. உங்களிடம் மறைத்து என்ன செய்யப் போகிறேன்? எனக்கு ஆசையாக இருந்தது. என்னைப் பார்த்து ஒருத்தர் எழுந்து நிற்பது என் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. இன்னும் ஒரு நாள் இருக்கட்டும், இன்னும் ஒரு நாள் இருக்கட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

நாலாம் நாள் காலையில் ஷைனி இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். "அத்தை, எங்கம்மா தப்பாக் கட்டிட்டாகளா?" என்று கேட்டாள். கூட விளையாடுகிற ஒருத்தி சொல்லியிருக்கிறாள், உங்கம்மா கூரை எங்களைக் கொல்லப் பார்த்தது என்று.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மொதல்ல சாப்புடு" என்றேன்.

அவள் அதற்குப் பிறகு மைதானத்துப் பக்கமே போகவில்லை. கேப்டன் வேறு யாராவது இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாளாம். நீங்கள் என்னிடம் ஒப்படைத்தது இரண்டே இரண்டு. இரண்டையும் நான் என்ன பாடு படுத்தி வைத்திருக்கிறேன் பாருங்கள்.

மணி மூன்றரை ஆகிவிட்டது. காளியம்மா வாசலில் நின்று, "புதுச் சேலையக் கட்டுடீ, போட்டோ எடுப்பாக" என்கிறாள். போய்விட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

*

மறுநாள் காலை எழுதுகிறேன் மதினி. நேற்றுச் சாயங்காலம் பேனாவைத் தொட முடியவில்லை.

கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்திருந்தார்கள், செல்வராஜ் அண்ணாச்சியும் வந்திருந்தார். ஷைனியும் வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் கூப்பிடவில்லை, தானாக வந்தாள். தலைமைச் சிஸ்டர் நன்றாகத்தான் பேசினார். டீச்சர் நல்ல மனசோடு செய்தார், ஆனால் இது நம் ஊருக்கு ஏற்றதில்லை, இனி நிரந்தரத் தகரமே போதும், இருப்பதை வெல்டர் வைத்து அறுத்து எடுத்துவிடலாம் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டுப் பொன்னாடையைப் போர்த்தினார். கை தட்டினார்கள். சரிகை கழுத்தில் குத்தியது.

"ரெண்டு வார்த்தை பேசுங்க ராணி" என்றார் சிஸ்டர்.

எனக்கு மேடைப் பேச்சு வருமா? வாயில் வந்ததைச் சொன்னேன்.

"கூரை மேல தப்பில்லை சிஸ்டர். டீச்சர் மேலயும் தப்பில்லை, அண்ணாச்சி மேலயும் தப்பில்லை. சக்கரம் ஓடறதுக்குப் போட்டிருந்த கிரீஸை அழுக்குன்னு நெனச்சு நான் தேச்சு எடுத்துட்டேன். ரெண்டு வருசமா வாராவாரம் தண்ணி ஊத்திக் கழுவிருக்கேன். ஷெட்டைக் கழுவற மாதிரியே கழுவிட்டேன். அதான் துருப்புடிச்சு மாட்டிக்கிடுச்சு. அண்ணாச்சி கேட்டாக, மழைத்தண்ணின்னு பொய் சொன்னேன். இந்தத் துண்டு எனக்கு வேண்டாம்."

பொன்னாடையை எடுத்து மேசைமேல் வைத்தேன். மடிக்கக் கூட வரவில்லை, சுருட்டித்தான் வைத்தேன்.

காளியம்மா எழுந்தாள். "அவ மட்டும் கழுவலை சிஸ்டர். நாங்க நாலு பேரும்தேன் கூட நின்னு தேச்சோம். எங்களுக்கும் தெரியாது. எங்க கை அப்படிப் பழகிப்போச்சு" என்றாள். மூச்சு வாங்க உட்கார்ந்தாள். அவளுக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அந்த மனுஷியைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போல் இருந்தது.

சிஸ்டர் செல்வராஜ் அண்ணாச்சியிடம், கூரையைத் திரும்பத் தூக்கி நிறுத்த முடியுமா என்று கேட்டார். "முடியும் சிஸ்டர். இந்தத் தடவை மூடி போட்ட பேரிங் வைக்கிறேன். யாரு தண்ணி ஊத்துனாலும் உள்ள போகாது" என்றார். அறுக்க வேண்டாம் என்று முடிவானது. நின்ற பாதி அப்படியே இருக்கட்டும், விழுந்த பாதியைச் சாத்தூருக்குக் கொண்டுபோய்ச் சரி செய்து கொண்டுவரட்டும் என்றார்கள்.

உங்கள் கூரை பிழைத்துக்கொண்டது மதினி. அதைச் சொல்லத்தான் காலையிலேயே உட்கார்ந்தேன்.

என் விஷயம் வேறு. "சங்கிலிச் சக்கரத்துக் கைப்பிடியை ஆபீஸ்ல குடுத்துடுங்க ராணி. உங்க வேலையைப் பத்தி அடுத்த வாரம் பேசலாம்" என்றார் சிஸ்டர். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கொடுத்துவிட்டேன்.

வெளியே அண்ணாச்சி வண்டியை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் காலில் விழப் போனேன். ஒதுங்கிக்கொண்டார். "அன்னிக்கே எனக்குத் தெரியும் தாயி. சோப்பு வாசம் மூக்குல ஏறுச்சு. நீங்களா சொல்லுவீகன்னு பாத்தேன். இந்த ஒம்பது நாள்ல ரெண்டு கம்பெனில என் கேட்டு வேண்டாம்னுட்டாக" என்றார். நான் போய் அவர்களிடம் பேசுகிறேன் என்றேன். "பேசுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்றைக்குப் போகிறேன்.

ஆனால் மதினி, நான் பயந்தது இவர்களையெல்லாம் இல்லை.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க ஷைனி எனக்கு நாலு அடி முன்னால் நடந்தாள். வீட்டில் உங்கள் போட்டோவுக்குக் கீழே பையை வைத்தாள். உண்மையைச் சொல்லிவிட்டேனே, ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று நான் ஒரு முட்டாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பினாள். அழவில்லை. நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"அத்தை, கேட்டைச் சாத்தறதுக்கு நீங்க ஒரு நிமிசம் கூட யோசிக்கலை. அத்தனை பேரு அடிச்சும் நின்னீக. எங்கம்மாவுக்காக ஒரு வார்த்தை பேசத்தான் ஒம்பது நாள் யோசிச்சீகளா?"

இதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறதா மதினி?

அவள் காலையில் எழுந்து, என்னிடம் பேசாமல், ஷார்ட்ஸும் பனியனும் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டாள். இத்தனை நாளைக்கு அப்புறம் இன்றைக்குத்தான் போகிறாள். வாசலில் நின்று அவள் தெரு திரும்புகிற வரைக்கும் பார்த்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மதினி, கூட்டத்துக்கு வந்தது நாற்பது பேர். அன்றைக்குக் கேட்டுக்கு ஓடி வந்தது முந்நூறு பேர். மீதிப் பேர் இன்னும் உங்களைத்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். அதனால் இந்தக் கடுதாசியை மடித்துப் பெட்டியில் வைக்கப் போவதில்லை. மைதானத்து நோட்டீஸ் போர்டில், ஆட்ட அட்டவணைக்குப் பக்கத்தில், எல்லாரும் படிக்கிற மாதிரி நானே ஒட்டப் போகிறேன். யார் வேண்டுமானாலும் வந்து என்னை நாலு கேள்வி கேட்கட்டும். இனிமேல் எந்தத் தெருவிலும், எந்தக் கடை வாசலிலும் உங்கள் பெயரை ஒருத்தர் தப்பாகச் சொன்னால், அந்த இடத்திலேயே, அந்த நிமிஷமே நான் எழுந்து நின்று என் பெயரைச் சொல்வேன். ஒன்பது நாள் இல்லை, ஒன்பது எண்ணுகிற நேரம் கூட எடுத்துக்கொள்ள மாட்டேன். இது உங்கள் மகள்மேல் சத்தியம்.

அவள் என்னோடு என்றைக்குப் பேசுவாளோ, அன்றைக்கு உங்களுக்குச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார், உங்கள் ஷைனியின் அத்தை,
ராணி